மருந்துச் சீட்டில் ஒரு மரம்

மார்ச் 3

அந்த டாக்டர் ஏழைகளைக் கேலி செய்கிறவர்.

வெளியே தொண்ணூறு பேர் வரிசையில் நிற்க, அக்காவுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார். நாடியைப் பிடிக்கவில்லை. தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்டார். பதில் சொன்னது நான். அக்கா சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். அதற்குக் கீழே, அதே கிறுக்கலில்: "தினமும் ஒரு மணி நேரம். மரம், செடி, மண், பறவை."

மருந்துக் கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாத்திரை இருக்கு. கீழ எழுதியிருக்கிறது ஸ்டாக் இல்ல" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் வயிறு எரிந்தது. நாலாவது மாடி, இரண்டு அறை, எதிரே இன்னொரு நாலு மாடி. இதில் மரத்துக்கு எங்கே போவது?

மார்ச் 4

கீழே இறங்கி பஸ் நிறுத்தம் வரை எண்ணிக்கொண்டே போனேன். மொத்தம் மூன்று மரம். ஒன்றின் மேல் டிரான்ஸ்ஃபார்மர் சாய்ந்திருக்கிறது. இன்னொன்றில் பல் டாக்டர், டியூஷன், வாடகை வீடு என்று பதினொரு தகரப் பலகைகளை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மூன்றாவது பட்டுப்போனது. அதன் அடியில்தான் குப்பை லாரி நிற்கும்.

பெரிய வீடுகள் இருக்கிற தெருவில் மரம் இருக்கிறது. மதிலுக்கு மேல் தலை மட்டும் தெரியும். நிழல்கூட உள்பக்கமாகவே விழுகிற மாதிரி நட்டிருக்கிறார்கள்.

மார்ச் 6

அக்கா ஐந்து வருடம் கம்பெனி பஸ் ஓட்டினாள். காலையில் ஆட்களை ஆலைக்குக் கொண்டுபோய் விடுவாள், மாலையில் திரும்பக் கொண்டுவருவாள். ஐம்பது பேரையும் திரும்பிப் பார்க்காமல் குரலாலேயே அடக்குகிறவள். போன அக்டோபரில், ஆலை வாசலில் இடது பக்கம் திரும்பும்போது சைக்கிளில் வந்த தச்சர் ஒருவர் பஸ்ஸில் அடிபட்டார். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

கம்பெனி விளக்கக் கடிதம் கேட்டது. நான்தான் டைப் அடித்தேன். என் வேலையே அதுதானே. நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை, அதில் மனு டைப் அடிப்பவன். முதலாளியிடம் ஒரு ஃபைல் இருக்கிறது, நாற்பது வாக்கியங்கள், எண் போட்டு. சாக்கடைக்கு மூன்றாம் நம்பர், நிலத்துக்கு ஏழாம் நம்பர், விபத்துக்கு இருபத்து மூன்றாம் நம்பர். பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். "அதிகாரி படிக்கிறவர் இல்ல தம்பி, அடையாளம் கண்டுக்கிறவர். தெரிஞ்ச வாக்கியம்னா உடனே கையெழுத்துப் போட்டுடுவார்" என்பார்.

அக்கா படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். போலீஸும் அதையே ஒரு நகல் வாங்கிக்கொண்டது. இரண்டே வாரத்தில் "உங்கள் மீது தவறில்லை, வேலைக்கு வரலாம்" என்று பதில் வந்தது. போனாள். சாவியைப் போட்டாள். இறங்கி வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து "ம்", "வேண்டாம்" — இந்த இரண்டு சொல்லில் குடும்பம் நடத்துகிறாள். என்னைச் சின்ன வயதிலிருந்து "வக்கீலு" என்று கூப்பிடுவாள், எதற்கெடுத்தாலும் வாதாடுகிறேனாம். நாலு மாதத்துக்கு மேலாகிறது, ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

மார்ச் 9

ஞாயிறு. பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நுழைவுச் சீட்டு உண்டு. உள்ளே பலகைகள்: புல்லில் நடக்காதீர். இலையைப் பறிக்காதீர். மேடையில் உட்காராதீர். மூச்சு விடலாமா என்று காவல்காரரைக் கேட்டேன். "அதுக்கு இன்னும் போர்டு வரல தம்பி. வர்றதுக்குள்ள விட்டுக்க" என்றார்.

ஒலிபெருக்கியில் பறவைச் சத்தம். பதிவு செய்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

மார்ச் 14

முதலிலிருந்து எழுதுகிறேன்.

மதியம் மூன்று மணிக்கு அம்மா கடைக்குப் போன் செய்தாள். வேலை செய்கிற சலவைக் கூடத்தில் கரண்ட் போய்விட்டதால் சீக்கிரம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். "உங்கக்காவைக் காணோம்டா. கதவு திறந்து கிடக்குது. செருப்பு வாசல்லயே இருக்கு."

செருப்பு வாசலில். அம்மாவே சொன்னாள், மெதுவாக: "தண்டவாளம் பக்கம் போய்ப் பாருடா." இத்தனை மாதம் அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். நானும்தான்.

ஓடினேன். தண்டவாளத்தில் யாருமில்லை. திரும்பும்போது பழைய தண்ணீர்த் தொட்டி வளாகத்தில் ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. தொட்டியை இடித்து எட்டு வருடம் ஆகிறது. மதிலில் ஒரு ஆள் நுழைகிற ஓட்டை. உள்ளே இடுப்புயர முள்செடி, எருக்கு, நடுவில் சரளைக்கல் பரப்பு. ஒரு சிமெண்ட் குழாயின் மேல் வெறுங்காலோடு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

கத்திக்கொண்டே அவளை நோக்கி ஓடினேன். அவள் கையை உயர்த்தினாள், டிராஃபிக் போலீஸ்காரர் மாதிரி.

"அங்கயே நில்லு. மிதிச்சிடாத."

ஒரு முழு வாக்கியம். நின்ற இடத்தில் நின்றேன். என் வலது காலுக்கு ஒரு சாண் தள்ளி, சரளைக்கு நடுவில், சரளை நிறத்திலேயே நாலு முட்டைகள். கூடு இல்லை, குச்சி இல்லை. வெறும் தரை. இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் —

மார்ச் 15

அது ஆள்காட்டிக் குருவியாம். கடைக்கு வந்த வாத்தியார் ஒருவர் சொன்னார். யார் வந்தாலும் கத்தி ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடுமாம். வெறுந்தரையில் முட்டையிட்டு இருபத்தெட்டு நாள் அடைகாக்குமாம். வெறுந்தரையில் பெற்றெடுத்துவிட்டுக் காவல் மட்டும் இவ்வளவு. எங்கள் கட்டடத்துக் குடும்பங்கள் மாதிரிதான் என்று அக்காவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. ஆனால் கேட்டாள். கேட்டது தெரிந்தது.

மார்ச் 19

காலையும் மாலையும் போகிறாள். செருப்புப் போட்டுக்கொண்டு போகிறாள். அம்மா அதையே ஒரு பெரிய செய்தியாக அடுத்த வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

மார்ச் 27

மதிய இடைவேளையில் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா வீட்டிலிருந்த பேசினை மண்ணில் பதித்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். பறவை அதில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டது. நனைந்த வயிற்றோடு ஓடிப்போய் முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்தேன். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது இதை?

"முட்டை வெந்துடாம பாத்துக்குது" என்றாள் அக்கா. பிறகு, "ராத்திரி தூங்கினேன்" என்றாள், அதே குரலில், அதுவும் அந்தப் பறவையைப் பற்றிய தகவல் என்பது போல.

டாக்டரைப் பற்றி நான் எழுதியதை அடிக்கப்போவதில்லை. கேலிதான். கேலி பலித்துவிட்டது, அவ்வளவே.

ஏப்ரல் 1

வளாகத்துக் காவல்காரர் அக்காவை மிரட்டியிருக்கிறார். "இது நகராட்சி எடம். ஓட்டையை அடைச்சிடுவேன்." எனக்கு வந்ததே கோபம். எட்டு வருடமாக நாய்கூடக் கேட்காத இடம். ஒரு மனுஷி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மட்டும் நகராட்சிக்கு நினைவு வந்துவிடுகிறதா? ஓட்டை வழியாகத் திருடி மாதிரி எதற்கு நுழைய வேண்டும்? வாசல் வழியாகப் போகிற உரிமை வேண்டும்.

கடையில் உட்கார்ந்து மனு அடித்தேன். எங்கள் பகுதி மக்கள் மன அமைதிக்கு ஒரு பசுமை இடம்கூட இல்லை, மேற்படி நிலத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும். இருபது பேர் கையெழுத்து. முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏழாம் நம்பர் எங்க தம்பி? அது இல்லாம நில மனுவா? தலையில்லாத முண்டம் மாதிரி இருக்கு." போட்டேன். "புதர் மண்டி, விஷ ஜந்துக்கள் நடமாட, யாருக்கும் பயனின்றிக் கிடக்கும் மேற்படி நிலம்."

மனுவை நகராட்சியில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. கிடைக்கட்டும், பிறகு சொல்லலாம். எங்கே கிடைக்கப்போகிறது. இந்தக் கடையில் ஆறு வருடம், என் கையால் நாலாயிரம் மனுவாவது போயிருக்கும். பதில் வந்தது ஒன்பதோ பத்தோ.

ஏப்ரல் 6

அக்கா காலண்டரில் புள்ளி வைக்கிறாள். குஞ்சு பொரிக்க இன்னும் ஏழு நாளாம்.

ஏப்ரல் 10

மண் அள்ளும் எந்திரம் வந்தது.

வேறொன்றும் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 11

எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் இது எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நேற்று காலை எட்டு மணிக்கு அக்கா போனபோது மதிலில் பாதி இல்லை. எருக்கு, முள்செடி எல்லாம் ஓரத்தில் மலையாகக் குவிந்து கிடந்ததாம். எனக்குப் போன் செய்தாள். போனை எடுத்தால் பேச்சே இல்லை, எந்திரச் சத்தமும் பறவைச் சத்தமும்தான். நான் போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது. சரளைப் பரப்பின் மேல் பட்டைச் சக்கரத்தின் தடம், சப்பாத்திக் கட்டை போட்டு உருட்டினது மாதிரி. இரண்டு பறவைகளும் அந்தத் தடத்தின் மேல் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தன. கத்தவில்லை. ஓடின.

எந்திரம் ஓட்டியவர் இறங்கி நின்றார். என் வயதுதான் இருக்கும். அக்கா அவரிடம் தரையைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். ஓடு, ஈரம், அதற்குள் — முழுதாக உருவாகிவிட்டிருந்தது. கால்கள்கூட இருந்தன.

நான் சண்டைக்குப் போனேன். கண் தெரியாதா, மனுஷனா நீ என்றெல்லாம். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவிடம் சொன்னார்: "பாக்கலக்கா. எறங்கிப் பாத்துட்டு எடுத்திருக்கணும். என் தப்புதான்."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம். எனக்குப் பயமாகிவிட்டது.

ஏப்ரல் 12

முதலாளி விசாரித்துச் சொன்னார். நிதி மிச்சம் இருந்ததாம், உடனே செலவு காட்ட வேண்டுமாம். அந்த நேரத்தில் என் மனு மேசையில் இருந்திருக்கிறது. "மனநலப் பூங்கா. உன் மனுதான் தம்பி. ஒன்பதே நாள்ல. நம்ம கடை சரித்திரத்துலயே முதல் தடவை." தோளில் தட்டினார். டீ வாங்கிக் கொடுத்தார்.

நாலாயிரம் மனு. எல்லாம் குப்பைக்குப் போனது. இது ஒன்று மட்டும் போய்ச் சேர்ந்தது.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் அக்காவின் தலையில் போட்டேன்.

ஏப்ரல் 13

"ம்." "வேண்டாம்." மறுபடியும்.

காலண்டரில் இன்றைய தேதியில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அம்மா அதைக் கிழிக்கப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 17

வளாகத்தில் பலகை வைத்துவிட்டார்கள். "புதர் மண்டி, விஷ ஜந்துக்கள் நடமாட, யாருக்கும் பயனின்றிக் கிடந்த இவ்விடத்தில், பொதுமக்கள் கோரிக்கையின்படி..." ஒரு எழுத்து மாற்றவில்லை. பச்சைப் பெயிண்ட்.

அக்கா இன்று அந்தப் பக்கம் போயிருக்கிறாள். பலகையைப் பார்த்திருப்பாளா?

ஏப்ரல் 18

நான் பயந்த கேள்வியை அக்கா கேட்கவில்லை. ஒன்றும் கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 25

நடைபாதைக்கு என்று ஒரு லோடு ஜல்லி கொட்டிப் பரப்பியிருக்கிறார்கள். வேலைக்காரர்கள் ஒரு வாரமாக வரவில்லை. இன்று மாலை அக்கா கடை வாசலில் வந்து நின்றாள். முதலாளியே எழுந்து நின்றுவிட்டார். "வா" என்று மட்டும் சொன்னாள்.

ஜல்லியின் மேல் நாலு முட்டைகள். அதே ஜோடியா, வேறு ஜோடியா, எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியுமாம். பேசின் பழைய இடத்தில் நசுங்கிக் கிடந்தது. புதிதாக ஒன்று வாங்கி வந்திருந்தாள்.

இவ்வளவு நடந்த இடத்திலேயே மறுபடியும் வந்து முட்டையிடுகிற தைரியம் எதற்கு வரும்? எனக்கு வராது. நான் வேறு ஊரே பார்த்திருப்பேன்.

மே 2

இன்று நடந்ததை எப்படி எழுதுவது? இரண்டு விஷயம் நடந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை என்று நினைத்தேன். இருக்கிறது.

இரண்டாவது லோடு ஜல்லியோடு லாரி வந்தது. நானும் அக்காவும் அங்கேதான் இருந்தோம். டிரைவர் பின்னால் ஆளே இல்லாமல் ரிவர்ஸ் எடுத்தார், நேராக முட்டைகளை நோக்கி. நான் கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. அக்கா ஓடினாள். லாரியின் பின்பக்கம் போய் நின்றாள். பின்பக்கம்! எனக்கு உயிர் போய்விட்டது. உள்ளங்கையால் பாடியில் ஓங்கித் தட்டினாள், டம் டம் என்று.

"நிறுத்து. நிறுத்துங்கறேன். ரைட்ல ஒடி. இன்னும் ஒடி. இப்ப வா. வா, வா, வா... போதும்."

அது அவளுடைய பஸ் குரல். ஐம்பது பேரை அடக்குகிற குரல். லாரி முட்டைகளுக்கு ஆறடி தள்ளி வளைந்து போய் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யாருக்கா நீங்க?"

"நானும் டிரைவர்தான். பின்னாடி பாக்காம ரிவர்ஸ் எடுக்கிறியே, உனக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்தவனைச் சொல்லணும்."

டிரைவர் சிரித்துவிட்டார். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. குணமாகிவிட்டாள், அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

லாரி போனது. அக்கா குழாயின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பலகையைக் காட்டினாள்.

"அது ஏழாம் நம்பர்தான? உங்க முதலாளி ஃபைலை வீட்டுக்குக் கொண்டுவந்து படிச்சுக் காட்டிச் சிரிப்பியே."

தெரிந்திருக்கிறது. பலகை வைத்த நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. என்னென்னவோ உளறினேன். உனக்காகத்தான் செய்தேன், உரிமைக்காகத்தான், இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்...

"தெரியும்டா. நல்லதுக்குத்தான் பண்ணியிருப்ப." என் பக்கம் திரும்பினாள். "எனக்குப் போட்டது இருபத்து மூணாம் நம்பர்."

புரியவில்லை. பிறகு புரிந்தது. "ஓட்டுநர் மீது தவறேதுமின்றி, மேற்படி நபர் கவனக்குறைவாகக் குறுக்கே வந்ததால்."

"அவரு குறுக்க வரல. ஓரமாத்தான் போயிட்டிருந்தாரு. நான் கண்ணாடி பாக்காம ஒடிச்சேன். பாத்திருந்தா தெரிஞ்சிருப்பாரு. அவ்வளவுதான் நடந்தது."

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"யாருடா கேட்டீங்க? உன் தப்பு இல்ல, உன் தப்பு இல்லன்னு நீங்களே சொல்லிட்டிருந்தீங்க. நீ, அம்மா, கம்பெனி, எல்லாரும். அப்புறம் கையெழுத்தும் வாங்கிட்டீங்க." குனிந்து ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள். "அந்த மெஷின்காரன் ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போயிட்டான். என் தப்புதான்னு. எனக்கு ஆறு மாசமா வாய்ல வரல."

பிறகு சொன்னாள்: "மாத்தி எழுதிக் குடு. கம்பெனிக்கும் போலீஸுக்கும்."

மே 3

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அந்த டாக்டரை வரச் சொல்லுங்கள். இதுதானா குணம்?

மே 6

முதலாளியிடம், யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டேன். சிரித்தார். "தானா வந்து என் தப்புன்னு எழுதித் தர்றதா? லைசென்ஸ் போகும். கேஸ் திரும்பத் தெறக்கும். உள்ள போனாலும் போவாங்க. அதுக்கு நம்ம ஃபைல்ல நம்பர் இல்ல தம்பி. எந்த ஃபைல்லயும் இருக்காது."

மே 7

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "தெரியும்" என்றாள். "எழுது" என்றாள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி மடிக்கிறாள்.

மே 12

கடைக்கு ஒரு பெண் வந்தார். ஒரு கடிதத்துக்கு இரண்டு நகல் வேண்டும் என்றார். எந்திரத்தின் கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்து வைக்கும்போது கண் பட்டுவிட்டது. கம்பெனியின் முத்திரை. "மேற்படி நபர் கவனக்குறைவாகக் குறுக்கே வந்ததால், தங்களுக்கு இழப்பீடு வழங்க இயலாது."

என் வாக்கியம். தச்சரின் மனைவி. மேசைக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டுகிற தூரத்தில்.

"எங்க வீட்டுக்காரர் இருபது வருஷம் சைக்கிள் ஓட்டினவருங்க. கவனம் இல்லாத ஆளு இல்ல" என்றார். என்னிடம் அல்ல, எந்திரத்திடம் சொல்வது போல. நகல்களை எடுத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். எந்திரத்தின் மூடியைச் சாத்தினேன். காசை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஊரில் இருக்கிற அத்தனை பொய்யர்களையும் இந்த நோட்டில் வருடக்கணக்காகத் திட்டியிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் யாரைத் திட்டுவது?

மே 18

டாக்டரிடம் போனோம். அதே வரிசை. இந்தத் தடவை அக்காவே பதில் சொன்னாள். தூங்குகிறேன், சாப்பிடுகிறேன், பேசுகிறேன். டாக்டர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். கீழே "தொடரவும்" என்று எழுதினார்.

"வேற ஏதாவது மனசுல இருக்கா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். "அதுக்கு என் தம்பிதான் மருந்து தரணும் டாக்டர்" என்றாள். அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

மே 21

பூங்கா வேலை நின்றுவிட்டது. நிதி தீர்ந்ததாம். ஜல்லி இடுக்குகளில் புல் தலைகாட்டுகிறது. பச்சைப் பலகையின் ஒரு கால் சாய்ந்துவிட்டது.

மதியம் போனேன். குஞ்சுகள் வந்துவிட்டன, நாலும். காலையில் முட்டை ஓட்டை உடைத்தவை, நான் போவதற்குள் ஓடிக்கொண்டிருந்தன. நின்றுவிட்டால் கல். அசைந்தால்தான் குஞ்சு. தாய் என்னைப் பார்த்துக் கத்தித் தீர்த்தது. நான் என்ன செய்தேன் என்று அதற்குத் தெரிந்தே கத்துகிறது போல இருந்தது.

அக்கா குழாயின் மேல் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். முகம் வெயிலில் கறுத்து, கொஞ்சம் சதை போட்டு, விபத்துக்கு முந்தைய அக்கா மாதிரி இருந்தாள். இவளை ஜெயிலில் வைத்துப் பார்க்க என்னால் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். தச்சரின் மனைவியின் விரல்கள் தாளைப் பிடித்திருந்த விதம் நினைவுக்கு வந்தது.

அவள் பையிலிருந்து வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து என் மடியில் வைத்தாள். பறந்துவிடாமல் மேலே ஒரு ஜல்லிக்கல்லும்.

"எழுதுடா வக்கீலு. நம்பர் வேண்டாம். நடந்ததை எழுது."